பட்டாள லைனின் பாதிச் சுவர்கள்

நம் வயதுக்காரர்கள் தொலைக்காட்சியைச் சற்று உரக்க வைத்துவிட்டால், வீட்டுப் பிள்ளைகளில் ஒருவர் வந்து ஒன்றும் சொல்லாமல் ஒலியைக் குறைத்துவிட்டுப் போகிறார். உங்கள் வீட்டிலும் இது நடக்கும். எனக்கு இதில் வருத்தமில்லை. ஒவ்வொரு முறையும் ஆரணிக் கோட்டைக்குள் இருந்த பட்டாள லைன் நினைவுக்கு வருகிறது. அங்கே ஒரு மழைக்காலத்தில் அலறத் தொடங்கி, அடுத்த ஆடி வரை ஓயாத ஒரு ரேடியோ நினைவுக்கு வருகிறது. அந்த ரேடியோவைப் பற்றி நாங்கள் எல்லோரும் ஒரே விதமாக நினைத்தோம். எல்லோரும் தவறாக நினைத்தோம்.

லைன் என்பது வெள்ளைக்காரர் காலத்தில் சிப்பாய்கள் தங்குவதற்காகக் கட்டப்பட்ட ஒரே நீளமான கூடம். பட்டாளம் போய், கட்டடம் நெடுங்காலம் வௌவால்களிடம் இருந்து, பிறகு அரசாங்கத்தின் சிறிய உத்தியோகஸ்தர்களுக்குக் குடியிருப்பாயிற்று. கூடத்தைக் குறுக்கே தடுத்து எட்டு வீடுகள் ஆக்கினார்கள். தடுத்தவர்கள் சுவரைக் கூரை வரை எழுப்பவில்லை. ஓர் ஆள் கையைத் தூக்கினால் தொடும் உயரத்தில் நிறுத்திவிட்டார்கள். காற்றோட்டத்துக்காக என்பார் அப்பா. செங்கல் தீர்ந்துபோயிருக்கும் என்பார் அம்மா. அதற்கு மேலே, இந்த முனையிலிருந்து அந்த முனை வரை, எட்டு வீட்டுக்கும் பொதுவாக ஒரே இருட்டும் ஒரே தேக்கு உத்தரங்களும் இருந்தன.

சிப்பாய்கள் விட்டுப்போனவை எங்கள் வீட்டுச் சாமான்களாகிவிட்டிருந்தன. ஒவ்வொரு கட்டிலும் கிடந்த இடத்துக்கு நேர் மேலே சுவரில் கறுப்புச் சாயத்தில் ஓர் எண் எழுதியிருக்கும். நான் பதின்மூன்றாம் எண்ணுக்குக் கீழே பாய் விரித்துப் படுத்தேன். கொசுவலை கட்டிய கொக்கிகளில் எங்கள் ஊஞ்சல்கள் தொங்கின. துப்பாக்கிகளைச் சாய்த்து வைக்க அரை வட்டமாகக் குடைந்த மரச்சட்டம் ஒன்று எங்கள் அடுப்படிக்கு வாய்த்திருந்தது. அந்தக் குடைவுகளில் அம்மா கரண்டிகளை நிறுத்தி வைத்திருப்பார். மழை நாட்களில் அந்தச் சட்டத்திலிருந்து பழைய எண்ணெய் வாடை ஒன்று கிளம்பும். அதை நான் வேறெங்கும் முகர்ந்ததில்லை.

பாதிச் சுவர்களுக்குள் வாழ்ந்தவர்களுக்கு இரண்டு வழக்கங்கள் இருந்தன. முதலாவது, குழம்புக் கிண்ணம் வாசல் வழியாகப் போகாது. வீட்டுப் பிள்ளை மரச்சட்டத்திலோ பெட்டியிலோ ஏறிச் சுவருக்கு மேலே கிண்ணத்தை நீட்டும். மறுபக்கம் ஒரு கை வாங்கிக்கொள்ளும். இரண்டாவது, மறைவாகப் பேச வேண்டியதை யாரும் வீட்டில் பேசமாட்டார்கள். அகழிக் கரையில் ஒரு புளியமரம் இருந்தது. கணவன் மனைவி சண்டைக்கும், பெண் பார்க்க வருகிறவர்கள் பற்றிய ஆலோசனைக்கும் அதன் அடிதான் இடம். "கொஞ்சம் புளியமரத்துக்கு வா" என்று ஒருவர் மற்றவரை அழைத்தால், மற்ற ஏழு வீடுகளும் காது கேளாதவை போல இருந்துவிடும்.

ஆனால் புளியமரத்துக்குப் போகாத எல்லாமே பொதுச்சொத்து. எந்த வீட்டில் பால் பொங்கியது, எந்த வீட்டு மாமியார் இருமினார் என்று எழுந்து பார்க்காமலே சொல்லிவிடலாம். பக்கத்து வீடு நன்றாக இருக்கிறதா என்பதை நாங்கள் கண்ணால் தீர்மானித்ததே இல்லை. காதால்தான் தீர்மானித்தோம்.

முதல் வீட்டில் சுபேதார் இருந்தார். பீரங்கிப் படையில் இருந்து ஓய்வு பெற்றவர், மனைவியை இழந்தவர், தோலுறை போட்ட ஒரு டிரான்சிஸ்டரோடு வாழ்ந்தவர். ஐந்தாவது வீடு எங்களுடையது. அப்பா தாலுகா அலுவலகத்தில் குமாஸ்தா. ஆறாவதில் நான் அக்கா என்று அழைத்த ஒரு பெண் தனியாக இருந்தாள். அவள் கணவர் பட்டாளத்தில் இருந்தார். குடும்பத்தை அழைத்துப்போக முடியாத எல்லைப் பகுதியிலேயே அவருக்கு மாற்றி மாற்றி வேலை விழுந்ததால், இந்தப் பழைய பட்டாள வீடுதான் அவளுக்குக் கிடைத்த மிலிட்டரி குவார்ட்டர்ஸ் என்று எங்கள் லைனில் வேடிக்கையாகச் சொல்வார்கள். ஏழாவது வீட்டில் கம்பவுண்டர் வீட்டு அத்தை. லைனின் செய்திகள் பெரும்பாலும் அவரிடமிருந்து புறப்படும், அல்லது அவரிடம் போய்ச் சேரும்.

எழுபதுகளின் பிற்பாதியில் ஓர் ஐப்பசியில் அக்காவின் கணவர் விடுமுறையில் வந்தார். நான் அவரை மாமா என்பேன். ஜட்கா வண்டியிலிருந்து அவருடைய கறுப்பு டிரங்குப் பெட்டி இறங்கியபோது, லைன் முழுதும் அன்றைய மாலைக்காகக் காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தது என்றால் மிகையில்லை. வருடம் ஒருமுறை வரும் மனிதர். பேச எவ்வளவு இருக்கும்.

ஆறாவது வீட்டிலிருந்து ஒரு சொல்லும் வரவில்லை.

தட்டு வைக்கும் ஓசை கேட்டது. தண்ணீர் ஊற்றும் ஓசை கேட்டது. பேச்சு இல்லை. மறுநாளும் இல்லை, அதற்கடுத்த நாளும் இல்லை. மாமா காலையில் ஆற்றுப் பக்கம் போவார், திரும்பி வருவார், தாழ்வாரத்துத் தூணில் சாய்ந்து உட்கார்ந்திருப்பார். யாராவது எதிரே வந்து நலம் கேட்டால் புன்னகைத்துத் தலையை அசைப்பார். தீபாவளிக்குப் பையன்கள் அவருக்குப் பின்னால் ஓர் அணுகுண்டை வைத்தார்கள். அது வெடித்தபோது கம்பவுண்டர் வீட்டு அத்தையின் கையிலிருந்த அதிரசத் தட்டு கீழே விழுந்தது. மாமா காப்பியை ஒரு வாய் உறிஞ்சினார். "சண்டையப் பாத்த மனுஷன். இதெல்லாம் அவருக்கு ஒரு சத்தமா?" என்றார் அப்பா, பெருமையோடு.

பிற்பாடு தெரிந்ததை இங்கேயே சொல்லிவிடுகிறேன். அவருக்குக் காது கேட்கவில்லை. பீரங்கி அருகே நின்று நின்று ஒரு காது முழுதும் போய், மற்றது போய்க்கொண்டிருந்தது. சீனச் சண்டைக்கு அடுத்த வருடம் ஆள் எடுத்தபோது சேர்ந்தவர் அவர். வரும் ஆடியில் பதினைந்து வருடம் முடிந்து பென்ஷன் ஆகும். அதற்குள் தெரிந்தால் மருத்துவர்களை வைத்துப் பரிசோதித்துப் பாதியில் அனுப்பிவிடுவார்கள், பென்ஷன் கிடைக்காது என்று அவர் நம்பினார். விதி உண்மையில் என்ன சொல்லியது என்பது எனக்கு இன்றும் தெரியாது. படையில் அவருடைய நண்பர்கள் இருவர் அவருக்குக் காதாக இருந்தார்கள். வரிசையில் பக்கத்தில் நின்று முழங்கையால் இடித்து உத்தரவைத் தெரிவிப்பார்கள். இங்கே அந்த வேலையை அக்கா செய்தாள். அவள் பிறந்த வீட்டுக் கூடத்தில் பல பட்டுத்தறிகள் ஒன்றாக ஓடும். அந்த இரைச்சலில் குரல் எடுபடாது என்பதால், உதட்டை மட்டும் அசைத்துப் பேசிக்கொள்வது அவர்களுக்குச் சிறு வயதிலிருந்தே பழக்கம். அவள் குரலில்லாமல் பேச, அவர் உதட்டைப் பார்த்துப் புரிந்துகொண்டார். அவர் மட்டும் வாயைத் திறக்கவில்லை. தன் குரல் எவ்வளவு உயரம் போகிறது என்பது அவருக்கே தெரியாது. பாதிச் சுவர்களுக்குள் ஒருமுறை உரக்கப் பேசினால் போதும், எட்டு வீட்டுக்கும் தெரிந்துவிடும். சுற்று வட்டாரத்து ஊர்களில் வீட்டுக்கு ஒருவர் பட்டாளத்தில் இருந்தார்கள். ஆரணியில் கிளம்பும் செய்தி எல்லை வரை போய்ச் சேர அதிக நாள் ஆகாது.

இதை நான் கல்லூரியில் இலக்கியம் படித்துக்கொண்டிருந்த காலத்தில், ஒரு விடுமுறையில் அக்காவே சொன்னாள். புளியமரத்தடிக்கு அழைத்துப்போய்ச் சொன்னாள். மறைக்க ஒன்றும் மிச்சமில்லாத பிறகும் பழக்கம் விடவில்லை.

அந்த ஐப்பசியில் லைன் அறிந்தது மௌனத்தை மட்டுமே. மௌனத்துக்கு எங்களிடம் ஒரே பொருள்தான் இருந்தது. கம்பவுண்டர் வீட்டு அத்தை அதை வாய்விட்டுச் சொன்னார்.

"வடக்கே ஒரு குடும்பம் வச்சிகினு இருக்கிறாரு. இல்லன்னா கட்னவகிட்ட ஒரு வார்த்த பேசாம இருக்கறதுக்கு இன்னா கேடு?"

அன்று நல்ல மழை. புளியமரத்துக்குப் போக முடியாது. எங்கள் அடுப்படியில் அம்மாவும் அப்பாவும் அத்தையும் குரலைத் தாழ்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். நான் ஓரமாக வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தேன்.

"அது வாயத் தொறந்து சொல்லாது. வைராக்கியக்காரி," என்றார் அம்மா. "நாமதான் எதுனா செய்யணும்."

"அவங்க ஆபீசருக்கு எழுதிப் போட்டா விசாரிப்பாங்க," என்றார் அப்பா. "ஆளக் கூப்ட்டு எதிர்ல நிக்க வச்சிக் கேப்பாங்க. பொண்டாட்டிய ஒழுங்கா பாக்காத ஆளுங்கள பட்டாளத்துல சும்மா விடமாட்டாங்க."

"நீங்க எழுதுங்க. இங்கிலீசுல எழுதுங்க. சுபேதாரு கையெழுத்துப் போட்டா வெயிட்டா இருக்கும்," என்றார் அத்தை.

மூவரும் நல்லவர்கள். அக்காவுக்கு நல்லது செய்யத்தான் துடித்தார்கள். ஆனால் பல வருடங்களாக அடுத்த வீட்டு ஓசைகளைக் கேட்டுக் கேட்டு வாழ்ந்த அவர்களுக்கு, சுவர் இரண்டு பக்கமும் ஒன்றுபோலத்தான் பாதியாக நிற்கிறது என்பது அந்த மழையில் தோன்றவே இல்லை. அப்போது ஆறாவது வீட்டில் அம்மியின் ஓசை நின்றது. வேர்க்கடலையை மறந்து நான் நிமிர்ந்து பார்த்தேன். பெரியவர்கள் கவனிக்கவில்லை.

அப்பா இரண்டு நாள் உழைத்து மனுவை எழுதி முடித்தார். ஆங்கிலத்தில் அவருக்குப் பெருமை உண்டு. மூன்றாம் நாள் மாலை, கையெழுத்துக்காகச் சுபேதாரைக் காப்பிக்கு அழைத்தார். சுபேதார் எங்கள் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்து, கண்ணாடியை மாட்டிக்கொண்டு, மனுவை வாசிக்கத் தொடங்கினார். அம்மா என்னிடம் ஒரு கிண்ணம் சுண்டலைக் கொடுத்து, "அக்காவுக்குக் குடு" என்றார். நான் துப்பாக்கிச் சட்டத்தில் கால் வைத்து ஏறினேன்.

சுவருக்கு மேல் என் தலை எழும்பிய அதே நேரத்தில் ஆறாவது வீட்டிலிருந்து அக்காவின் குரல் கேட்டது. தெளிவாக, தேவைக்குச் சற்று அதிகமாகவே தெளிவாக.

"இன்னாங்க, மத்தியானம் வச்ச குழம்பு நல்லா இருந்துச்சா?"

"நல்லா இருந்திச்சி," என்றார் மாமா.

எங்கள் வீட்டில் எல்லோரும் அசையாமல் நின்றார்கள். லைன் முழுதுமே நின்றிருக்கும். நான் மட்டும் மேலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அக்கா அடுப்பின் முன்னால் அவருக்கு எதிரே முழங்கால் தொட உட்கார்ந்திருந்தாள். அவருடைய மணிக்கட்டைத் தன் இடது கையால் பிடித்திருந்தாள். அவர் பேசும்போது அவள் விரல்கள் அழுந்தின. அழுந்தினால் அவர் குரல் தாழ்ந்தது. விரல்கள் தளர்ந்தால் சற்று எழுந்தது. தறியில் இழையின் இறுக்கத்தைக் கையால் பார்ப்பதைப் போல அவள் அவருடைய குரலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு ஒன்றும் புரியவில்லை. கையைப் பிடித்துக்கொண்டு பேசுகிறார்களே என்று வெட்கமாக இருந்தது.

"உங்க அம்மாவப் பாக்கத் திருமலைப் பக்கம் எப்ப போலாம்?"

"வெள்ளிக்கெழம போலாம்."

அந்த நேரத்தில் மின்சாரம் போயிற்று. அந்தக் காலத்து மழைக்கு அது வழக்கம். அடுப்புத் தணல் மட்டும் இருந்தது. அக்கா நிறுத்தியிருக்கலாம். இருட்டானதும் பேச்சு நின்றது என்று யாராவது நினைத்துவிடுவார்களோ என்று பயந்திருக்க வேண்டும்.

"இன்னொரு தோச போடட்டுங்களா?" என்றாள்.

மாமாவுக்கு உதடு தெரியவில்லை. ஆனால் மணிக்கட்டில் விரல் தளர்ந்திருந்தது. அவள் கேட்டு முடித்துவிட்டாள் என்று அர்த்தம்; அவர் ஏதோ சொல்லியாக வேண்டும்.

"ஆமா. மழ விட்டுப் போச்சு," என்றார்.

ஏழாவது வீட்டில் அத்தை களுக்கென்று சிரித்தார். "தோசை கேட்டா மழைங்கிறாரு. பொண்டாட்டிகிட்ட மயங்கிப் போயிட்டாரு மனுஷன்." எங்கள் வீட்டில் அம்மாவும் வாயைப் பொத்திச் சிரித்தார். நானும் சுண்டல் கிண்ணத்தோடு சிரித்தேன்.

சுபேதார் சிரிக்கவில்லை. அம்மா சிம்னி விளக்கை ஏற்றியபோது அவர் முகத்தைப் பார்த்தேன். காப்பித் தம்ளரைக் கீழே வைத்துவிட்டு, தலையைச் சற்றுச் சாய்த்து, சுவரின் பக்கமாகக் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு மனுவை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

"கையெழுத்து?" என்றார் அப்பா.

"இங்கிலீசு சரியில்ல. நானே பாத்து வேற எழுதிக்கறேன்."

அப்பாவின் ஆங்கிலப் பெருமைக்கு அது பெரிய அடி. அந்தக் காயம் ஆற மாதக்கணக்கில் ஆயிற்று. "எட்டாவது பெயிலு. எனக்கு இங்கிலீசு சொல்லித்தர்றாரு," என்று அம்மாவிடம் முணுமுணுத்துக்கொண்டே இருந்தார். மனு என்னவாயிற்று என்று யாரும் கேட்கவில்லை. தம்பதி பேசிக்கொண்டுவிட்டார்கள், மனுவுக்குத் தேவை இல்லை.

மறுநாள் மாலைதான் ரேடியோ அலறத் தொடங்கியது. அதுவரை சுபேதார் டிரான்சிஸ்டரைக் காதோடு வைத்துக் கேட்கிறவர். இப்போது தோலுறையைக் கழற்றி, முதல் வீட்டுச் சுவரின் தலைமேல் வைத்து, முழு ஒலியில் திருப்பிவிட்டார். விவசாயச் செய்தி, டில்லிச் செய்தி, கொழும்புப் பாட்டு, ஒன்றும் வராத நேரத்தில் வெறும் இரைச்சல். உத்தரங்களுக்கு அடியில் அது ஓடி எட்டாவது வீட்டில் முட்டித் திரும்பும். வௌவால்கள் இரண்டு நாள் பொறுத்துப் பார்த்துவிட்டுக் கிளம்பிப்போயின.

கம்பவுண்டர் வீட்டு அத்தை நேரே போய்க் கேட்டார்.

"இன்னா சுபேதாரே, கோட்டைக்கே நியூஸ் வாசிக்கிறீங்களா? ஒரே பேஜாரா கீது."

சுபேதார் காதருகே கையைக் குவித்தார். "இன்னா? சத்தமா சொல்லும்மா."

அத்தை திரும்பி வந்து எல்லா வீட்டிலும் சொன்னார். சுபேதாருக்குக் காது போய்விட்டது. அன்றிலிருந்து அவர் செவிட்டு சுபேதார். பையன்கள் அவர் முதுகுக்குப் பின்னால் நின்று கண்டதைச் சொல்லிச் சிரித்தார்கள். அவர் திரும்பிப் பார்த்ததில்லை. "பாவம், தனியா இருக்கிற மனுஷன்," என்று அம்மா அவருக்கு ஒரு கிண்ணம் கூடுதலாக அனுப்பினார்.

நான் ஆறாவது வீட்டுச் சுவரை ஒட்டிப் படுப்பவள். ரேடியோவின் இரைச்சலுக்கு அடியில், வேறு எந்த வீட்டுக்கும் எட்டாத ஓர் ஓசை எனக்குக் கேட்டது. ஓர் ஆண் குரல், ஏற்ற இறக்கம் பார்க்காமல், தடையில்லாமல், எதையோ நீளமாகச் சொல்லிக்கொண்டிருந்தது. பனியைப் பற்றி, கோவேறு கழுதைகளைப் பற்றி, நண்பன் ஒருவனைப் பற்றி. நடு நடுவே அக்கா சிரித்தாள். அவ்வளவு சத்தமாக அவள் சிரித்து நான் கேட்டதில்லை. தறி இரைச்சலில் வளர்ந்தவளுக்கு அது பிறந்த வீட்டுக்குப் போனது போல இருந்திருக்கும். நான் அதைக் கேட்டபடியே தூங்கிப்போவேன்.

விடுமுறை முடிந்து மாமா திரும்பிப் போனார். ரேடியோ குறையவில்லை. கார்த்திகையில் குறையவில்லை, பொங்கலுக்குக் குறையவில்லை. கோடையில் காப்பிக்கு உட்கார்ந்தவர்கள் எல்லாம் கத்திப் பேசிக்கொண்டார்கள். மாமா போனதும் ஒலியைக் குறைத்திருந்தால், எங்கள் லைன்காரர்களில் யாராவது ஒருவர் இரண்டையும் சேர்த்து முடிச்சுப் போட்டிருப்பார். அந்தக் கணக்கு எனக்கு இப்போதுதான் புரிகிறது. அப்போது எல்லோரையும் போல நானும் அவரைப் பார்த்துக் கத்திப் பேசினேன்.

ஆடி மாதத்தில் ஒரு பகல், கோட்டை வாசல் வழியாக ஜட்கா வந்தது. அதே கறுப்பு டிரங்குப் பெட்டி. அக்கா ஓடவில்லை, தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மாமா இறங்கினார். எட்டு வீடும் வெளியே வர, அவர் பரேடு மைதானத்தில் நிற்பவரைப் போன்ற குரலில் சொன்னார்.

"முடிஞ்சிடுச்சி. பென்ஷன் ஆயிடுச்சி. எல்லாரும் கேளுங்க. எனக்குக் காது கேக்காதுங்க. ரொம்ப நாளா கேக்காது. இனிமே என் மூஞ்சியப் பாத்துப் பேசுங்க."

அம்மா புடவைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டார். அப்பா தரையைப் பார்த்தார். கம்பவுண்டர் வீட்டு அத்தை நேரே மாமாவின் முன்னால் போய் நின்று, முகத்தைப் பார்த்து, "சாப்டியாப்பா?" என்றார். சுபேதார் தன் வாசலிலிருந்தே ஒரு சல்யூட் வைத்தார். மாமா திருப்பி வைத்தார்.

அன்று மாலை விவசாயச் செய்தி நேரம் வந்தது. ரேடியோ அலறவில்லை. சுவரின் தலைமேல் அதைக் காணோம். உத்தரத்தில் பல்லி கத்துவது கேட்டது. எட்டாவது வீட்டில் யாரோ வெங்காயம் நறுக்குவது கேட்டது. ஆறாவது வீட்டில் மாமா உரத்த குரலில் இன்னும் கொஞ்சம் ரசம் ஊற்றச் சொல்வது கேட்டது. மாதக்கணக்கில் கத்திப் பழகிய நாங்கள் எல்லோரும் எங்கள் குரல்களை எங்கே வைப்பது என்று தெரியாமல் இருந்தோம்.

ஏழாவது வீட்டில் அத்தை கீரை ஆய்ந்துகொண்டே, தனக்குத்தானே பேசுவது போல, உதட்டுக்குள் முணுமுணுத்தார். "இந்தச் செவிட்டு சுபேதாருக்கு இன்னிக்கு இன்னா ஆச்சு, ரேடியோவக் காணோம்?"

"பேட்டரி தீந்துபோச்சும்மா," என்றார் சுபேதார், தன் அடுப்படியிலிருந்து.

அவருக்கும் அத்தைக்கும் நடுவே ஆறு சுவர்கள் இருந்தன.